இடைக்காலத்துக்குப் போன மாணவி: 'டூம்ஸ்டே புக்' நாவலைத் தென்காசியில் வைத்துப் படித்தல்



சாரல் கட்டியிருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படியிருந்தும் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் அமெரிக்க நாவலைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இது ஓர் அறக்கட்டளைப் பேச்சு. அறக்கட்டளை என்பதே ஒருவகைக் கால யந்திரம்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு விளக்கு எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு விட்ட செய்தி வரும். 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றுக்குப் பெயர். ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும். தலைக்கணக்கு குறையாது, சந்திர சூரியர் உள்ள வரைக்கும் விளக்கு எரியும். தான் இருந்து பார்க்க முடியாத நாளுக்கு நெய் அனுப்புகிற ஏற்பாடு அது. அந்த யந்திரம் முன்னால் மட்டும் போகும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பின்னால் போகிற யந்திரம்.

கானி வில்லிஸ் எழுதிய 'டூம்ஸ்டே புக்' 1992-இல் வந்தது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு பெரிய விருதுகளும் அதற்குக் கிடைத்தன. கதை 2054-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் ஆக்ஸ்போர்டில் தொடங்குகிறது. அங்கே காலப் பயணம் வரலாற்றுத் துறையின் களப்பணியாகிவிட்டது. தாவரவியல் மாணவர்கள் மலை ஏறுவதுபோல வரலாற்று மாணவர்கள் நூற்றாண்டு இறங்குகிறார்கள். கிவ்ரின் என்ற இளம் மாணவி 1320-க்குப் போக அடம்பிடிக்கிறாள். இடைக்காலம் ஆபத்தானது, வேண்டாம் என்று தடுக்கிறார் டன்வொர்தி என்ற ஆசிரியர். அவள் கேட்கவில்லை. யந்திரத்தை இயக்கும் தொழில்நுட்பர் நம்மவர், பத்ரி சௌதுரி என்று பெயர். அவளை அனுப்பிய கையோடு, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல ஓடிவந்து, சொல்லி முடிக்காமலே காய்ச்சலில் விழுகிறார். அங்கிருந்து நாவல் இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது. 2054-இல் ஊரை முடக்கும் ஒரு விஷக்காய்ச்சல். மறுபக்கம், 1320 என்று நினைத்துக்கொண்டு வேறோர் ஆண்டில் போய் இறங்கிய கிவ்ரின்.

அவள் இறங்கியது 1348 டிசம்பரில். ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மக்களைக் கொண்டுபோன 'கறுப்புச் சாவு' என்ற கொள்ளைநோய் இங்கிலாந்துக் கரையைத் தொட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாசகருக்கு ஓரளவு முன்பே தெரிந்துவிடுகிறது. கிவ்ரினுக்கு நாவல் பாதி கடந்த பிறகுதான் தெரிகிறது. இந்த நாவலைக் கற்பிக்கிறவர்கள் முதலில் கவனிக்கச் சொல்ல வேண்டியது இந்தத் தாமதத்தைத்தான். அந்த இடைவெளியில்தான் அவள் அந்த ஊரோடு ஒட்டிக்கொள்கிறாள். ஐந்து வயது ஆக்னஸ் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிகிறாள். பன்னிரண்டு வயது ரோஸ்மண்டுக்குத் தகப்பன் வயதுள்ள ஒருவரோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. சிடுசிடுத்த பாட்டி ஒருத்தி, படிப்பு அதிகமில்லாத ரோச் என்ற பாதிரியார். கொள்ளைநோய் வீட்டுக்குள் வரும்போது நாம் 14-ஆம் நூற்றாண்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கிறோம்.

கிவ்ரின் போவதற்கு முன் செய்துகொண்ட தயாரிப்புகளை வில்லிஸ் பொறுமையாகச் சொல்கிறார். இடைக்கால ஆங்கிலம் படித்திருக்கிறாள், தேவாலய லத்தீன் படித்திருக்கிறாள், பால் கறக்கக் கற்றிருக்கிறாள். கை மென்மையாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அகழாய்வுக் குழியில் மண் வேலை பார்த்து நகத்தை அழுக்காக்கிக்கொண்டிருக்கிறாள். கொள்ளையர் தாக்கி நினைவு தப்பிய பெரிய வீட்டுப் பெண் என்று ஒரு கதையும் கைவசம் உண்டு. மணிக்கட்டு எலும்பில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி. உள்ளங்கைகளைச் சேர்த்தால் அது பதிவு செய்யும். பார்க்கிறவர்களுக்கு அவள் பிரார்த்தனை செய்வதாகத்தான் தோன்றும்.

இத்தனையும் முதல் நாளே கைவிடுகின்றன. அவள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. ஏட்டிலிருந்து ஊகித்த உச்சரிப்பும் வாயில் இருந்த உச்சரிப்பும் வேறாக இருந்தன. மூளையில் பொருத்திய மொழிபெயர்ப்புக் கருவி காதுபழகச் சில நாள் எடுத்துக்கொள்கிறது. போதாததற்கு அவளுக்கே கடும் காய்ச்சல். ஆய்வாளராகப் போனவள் நோயாளியாகப் போய்ச் சேர்கிறாள். யாரை ஆராயப் போனாளோ அவர்கள் அவளைத் தூக்கிவந்து, கஞ்சி ஊற்றி, முடியை வெட்டிப் பிழைக்க வைக்கிறார்கள். காலப் பயண இலக்கியத்தில் இதைவிட நேர்மையான வருகையை நான் படித்ததில்லை.

இதை மார்க் ட்வெய்னோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1889-இல் வந்த அவருடைய 'கனெக்டிகட் யாங்கி' நாவலில் ஒரு தொழிற்சாலை மேஸ்திரி தலையில் அடிபட்டு 6-ஆம் நூற்றாண்டு ஆர்தர் அரசவையில் விழிக்கிறான். சூரிய கிரகணம் வரும் நாள் அவனுக்குத் தெரியும். அதை வைத்து மிரட்டி ராஜாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துவிடுகிறான். தந்தி, வெடிமருந்து, செய்தித்தாள் எல்லாம் கொண்டுவருகிறான். கடைசியில் மின்வேலியும் துப்பாக்கியுமாக இருபத்தைந்தாயிரம் வீரர்களைக் கொன்று, அந்தப் பிணங்களின் நாற்றத்திலேயே அவனுடைய கூட்டமும் நோய்கண்டு அழிகிறது. ட்வெய்ன் கெட்டிக்காரர். நகைச்சுவையாக ஆரம்பித்ததை எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவரைப் பின்பற்றிய பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பழங்காலத்துக்குப் போகிற நவீன மனிதன் அங்கே உள்ளவர்களைவிடக் கெட்டிக்காரன் என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கிவ்ரினுக்கும் அங்கே யாருக்கும் தெரியாதது தெரியும். நோய் எதனால் வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று தெரியும். தனக்குத் தடுப்பூசி போட்டிருப்பதால் தான் சாகமாட்டோம் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தும் ஒருவரைக்கூட அவளால் காப்பாற்ற முடியவில்லை. பாதிப்பேர் பிழைப்பார்கள் என்று புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருக்கிறாள். அந்த ஊரில் பாதி என்ற பேச்சே இல்லை. எல்லாரும் போகிறார்கள்.

நாவலில் குறையே இல்லையா என்றால், உண்டு. 2054 பகுதியில் பாதி நேரம் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கைப்பேசி எல்லார் கைக்கும் வந்துவிடும் என்று 1992-இல் வில்லிஸ் ஊகிக்கவில்லை. அந்த ஓட்டம் சில இடங்களில் சலிப்பு. எழுநூறு வருஷச் சமாதியைத் தோண்டியதிலிருந்து விஷக்காய்ச்சல் பரவியது என்பதும் அறிவியலாக நிற்காது. முரண்பாடு வரும் இடத்துக்கு யந்திரம் யாரையும் அனுப்பாது, நேரத்திலோ இடத்திலோ சற்றுச் சறுக்கி இறக்கிவிடும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார். அதுவும் எழுதுகிறவரின் வசதிக்கான விதிதான். மறுபக்கம், ஊரடங்கில் விருந்தினர் மாட்டிக்கொள்வது, கழிவறைக் காகிதம் தீர்ந்துவிடுமோ என்று ஓர் அலுவலர் ஓயாமல் புலம்புவது, நோய் வெளிநாட்டவரால் வந்தது என்று பழிபோடுவது எல்லாம் 2020-க்குப் பிறகு படிக்கிறவர்களுக்குக் கதையாகத் தோன்றாது.

கிவ்ரின் தன் பதிவுகளுக்கு வைத்த பெயர்தான் நாவலின் பெயர். வில்லியம் அரசன் 1086-இல் இங்கிலாந்து முழுவதும் எடுத்த நிலக்கணக்குக்கு அந்தப் பெயர் உண்டு. யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை பன்றி என்று எழுதிய ஏடு. நம் ஊரில் அதே 1086-இல்தான் முதலாம் குலோத்துங்கன் சோழ நாட்டை அளந்து கணக்கெடுத்தான். வரலாற்றாசிரியர்கள் வியந்து சொல்லும் பொருத்தம் இது. இரண்டு ராஜ்யத்துக்கும் வரி தேவைப்பட்டது, அவ்வளவுதான். நம் கல்வெட்டுகளில் வரும் வரிகளைப் பாருங்கள். தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம், வண்ணாரப்பாறை. நெசவாளி, செக்காட்டுகிறவர், தட்டார், துணி வெளுக்கிறவர் எல்லாரும் கல்லில் இருக்கிறார்கள். வரியாக இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததைக் கல்லில் வெட்ட யாருக்கும் வேலை இல்லை. கிவ்ரினும் கணக்கெடுக்கத்தான் போனாள். போகப்போக அவள் பதிவில் கணக்கு குறைந்து, பெயர்கள் கூடுகின்றன. இந்த நாவலைப் படிக்கிற மாணவர்கள் அவளுடைய பதிவுகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படித்தால் இந்த மாற்றம் கண்கூடாகத் தெரியும். நல்ல பயிற்சி அது.

இனி நம் பக்கம் வருகிறேன். தமிழ் வாசகர்களுக்குப் பின்னோக்கிய பயணம் புதிதே இல்லை. 1950 அக்டோபரில் கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது காலத்தை வெள்ளமாகவும் கற்பனையை ஓடமாகவும் வைத்து, ஏறிக்கொள்ளுங்கள் என்று வாசகரைக் கூப்பிட்டார். ஏறினோம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பின்னால் வீராணத்து ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று இறங்கினோம். இன்னும் பலர் திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் 'சிவகாமியின் சபத'த்தின் மாந்தர்கள், ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரக் கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஓர் இரவில் தம் மனத்தில் எழுந்ததாகக் கல்கியே எழுதியிருக்கிறார். தென்காசிக்காரர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்து தங்கிய ரசிகமணியின் வீடு குற்றாலத்தில் இருந்தது. 1954 பிப்ரவரியில் ரசிகமணி காலமானார், அந்த ஆண்டு முடிவதற்குள் கல்கியும் போய்விட்டார்.

கல்கியின் ஓடத்தில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஏறியவருக்கு எதுவும் ஆகாது. பசிக்காது, காய்ச்சல் வராது. யாரும் நம்மைத் திரும்பிப் பார்த்து நீ யார் என்று கேட்கமாட்டார்கள். எல்லாரும் நாம் வாசிக்கிற தமிழிலேயே பேசுவார்கள். போய்ச் சேரும் இடமும் பெரும்பாலும் அரண்மனையோ, அரண்மனைக்குச் செய்தி கொண்டுபோகும் குதிரையோதான். நமக்கு வாய்த்த சினிமாக் கால யந்திரமும் அந்த வாசலுக்குத்தான் போயிற்று. 1991-இல் சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் எடுத்த 'ஆதித்யா 369' தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. இசை இளையராஜா. யந்திரம் நேராகக் கிருஷ்ணதேவராயர் காலத்துக்குப் போகிறது, அங்கே தெனாலிராமனும் காத்திருக்கிறார். குழந்தைகளோடு பார்க்க அருமையான படம். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' காலப் பயணக் கதை அல்ல. ஆனாலும் ஒளிந்து வாழும் சோழர்களின் தமிழ் நமக்குச் சட்டென்று விளங்காது என்று ஒரு தமிழ்ப் படம் துணிந்து காட்டியது அங்கேதான். 2010-இல் பலர் அதைக் குறை என்றார்கள். எனக்கு அது படத்தின் மிக உண்மையான பகுதியாகப் பட்டது.

கிவ்ரின் இறங்கிய நூற்றாண்டில் தமிழ்நாட்டுக்கு நிஜமாகவே ஒரு வெளியாள் வந்தார், நோயில் விழுந்தார், எழுந்துபோய் எழுதியும் வைத்தார். மொராக்கோ நாட்டு இப்னு பதூதா. 1340-களில் மதுரையில் சுல்தான்கள் ஆட்சி. அப்போதைய சுல்தான் கியாசுதீன் தாம்கானியும் இவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள், அதாவது சகலபாடிகள். தான்ஜியரில் பிறந்தவருக்கு மதுரையில் சகலை! அந்தச் சகலை கைதிகளைக் கழுவில் ஏற்றியதையும் பெண்களையும் குழந்தைகளையும்கூட விட்டுவைக்காததையும் பார்த்து அருவருத்து எழுதியிருக்கிறார். மதுரைக்குள் அவர் நுழைந்தபோது ஊரில் கொள்ளைநோய். கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்தார்கள். ஆரோக்கியமானவள் என்று சொல்லி விற்ற ஓர் அடிமைப்பெண்ணை அவர் வாங்குகிறார், மறுநாளே அவள் இறந்துபோகிறாள். அவளுக்குப் பெயர் எழுதவில்லை. பிறகு அவருக்கே காய்ச்சல் வந்து, முடிந்தது என்ற நிலையில், ஏராளமாகப் புளியைக் கரைத்துக் குடிக்கிறார். மூன்று நாள் வயிறு போய்ப் பிழைத்துவிட்டாராம். அந்தப் புளித்தண்ணீரைக் கேட்டதும் நம் வீட்டுக் கிழவிகள் தலையசைப்பார்கள்.

இதே மனிதர் 1348-இல் சிரியாவில் இருந்தார். டமாஸ்கஸில் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைச் சொல்கிறார். ஊரார் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதத்தைக் கையில் ஏந்தி ஒன்றாக ஊர்வலம் போனதையும் சொல்கிறார். மதுரைக் கொள்ளைநோயையும் கறுப்புச் சாவையும் கண்ணால் கண்டு எழுதிவைத்த ஒரே மனிதர் நம் வசம் இருக்கிறார். அவர் விவரிக்கும் மதுரை நோய் இன்னதுதான் என்று முடிவுகட்ட அந்தக் குறிப்பு போதாது. கதை எழுதுகிறவருக்குப் போதும்.

சரி, தென்காசிக்கே ஒருத்தியை அனுப்பிப் பார்ப்போம். இந்த அரங்கில் இருக்கும் ஒரு மாணவியை, 1446-க்கு. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்கு இங்கே கோயில் எடுக்கத் தொடங்கிய ஆண்டு. மதுரை கைவிட்டுப்போன பாண்டியர்கள் இந்த மலையடிவாரத்தில் ஒதுங்கிய காலம். அவள் என்ன எடுத்துப்போக வேண்டும்?

முதலில் அம்மை. கிவ்ரினுக்குக் கொள்ளைநோய்த் தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். நம் மாணவிக்குப் பெரியம்மைத் தடுப்பு இல்லை. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல். அதற்குச் சில ஆண்டுகளில் அம்மை குத்துவதையே நிறுத்திவிட்டார்கள். இங்கே ஐம்பது வயது தாண்டியவர்கள் கையில் அந்தத் தழும்பு இருக்கும். இளையவர்கள் தோளில் இருப்பது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. தழும்பு, 1446-இல் அது காப்பாற்றாது. ஆக அவையில் பாதுகாப்பாகப் போய்வரக் கூடியவர்கள் முன்வரிசைப் பெரியவர்கள் மட்டும்தான்.

அடுத்தது சாப்பாடு. மிளகாய் போர்த்துகீசியர் வழியாகப் பின்னால் வந்தது. குழம்புக் காரமெல்லாம் மிளகு. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் இல்லை. புகையிலையும் இல்லை. வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் உள்ள வட்டாரம் இது. அந்த வேலையால் விரல் தேய்ந்த ஒருத்தி போனால், இது எந்தத் தொழிலின் காய்ப்பு என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது.

பேச்சு. நம்மவர் ஒரு பெருமை பேசுவார்கள்: ஆயிரம் ஆண்டுத் தமிழும் நமக்குப் புரியும் என்று. செய்யுள் புரியும். கம்பரைப் படித்தவள் கம்பர் காலத்து அடுக்களையில் தண்ணீர் கேட்டால் என்ன நடக்கும் என்பது வேறு. கல்வெட்டு எழுதியவர்கள் சில இடங்களில் 'குடுத்தோம்' என்று, நாம் இன்று வாயால் சொல்கிறபடியே வெட்டியிருக்கிறார்கள். அந்த மாதிரிச் சிதறல்களை வைத்துத்தான் அவளுக்குப் பயிற்சி தரமுடியும். இலக்கண வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவளைவிடச் செங்கோட்டைப் பக்கம் ஆடு மேய்க்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அங்கே சீக்கிரம் காதுபழகும் என்பது என் ஊகம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிவ்ரினின் பொய்க்கதை, நினைவு தப்பிய பெண் என்பது, இங்கிலாந்தில் ஓடிற்று. தென்காசியில் ஓடாது. எந்த ஊர், யார் மகள், என்ன ஆட்கள் என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவதற்குப் பதில் தெரியாதவளை எந்தத் தெருவுக்குள் விடுவது, எந்தக் கிணற்றில் தண்ணீர் கொடுப்பது என்று யாருக்கும் தெரியாது. ராஜராஜன் காலக் கல்வெட்டிலேயே 'தீண்டாச்சேரி' என்ற சொல் வரியில்லா நிலங்களின் பட்டியலில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. நம் மாணவி எந்தத் தெருவில் இறங்குகிறாள் என்பதே நாவலைத் தீர்மானித்துவிடும். இந்தக் கேள்வி கல்கியின் ஓடத்தில் வந்தவர்களிடம் கேட்கப்படவே இல்லை. இடைக்காலத்துக்குப் போக ஆசைப்படுகிற தமிழர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த வாசல் வழியாகப் போவதாக உத்தேசம்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லாரும் போகத் தொடங்கியதே 1939-இல்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கோயிலில் உள்ள பராக்கிரம பாண்டியனின் பாட்டுக் கல்வெட்டுக்கு வாருங்கள். உங்களில் பலருக்கு மனப்பாடம். வரக்கூடாத குறை ஏதாவது இந்தக் கோயிலுக்கு வந்தால், அதை நீக்கிக் காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை உலகறிய வணங்குவதாக ராஜா சொல்கிறார். அதுவும் வணங்குவேன் என்று எதிர்காலத்தில் வைக்கவில்லை. பிறக்காத மனிதர்களுக்கு, நடக்காத உதவிக்கு, வணங்கி முடித்துவிட்டதாகவே சொல்கிறார். நாம் இதுவரை பார்த்த காலப் பயணக் கதைகள் எல்லாம் இன்றிலிருந்து அன்றைக்குப் போகிறவை. இது அன்றிலிருந்து இன்றைக்கு வந்தது. அவர் 1463-இல் காலமானபோது கோபுரம் முடிந்திருக்கவில்லை, பின்னால் வந்தவர்கள்தான் முடித்தார்கள். அந்தக் கோபுரம் 1924-இல் தீயில் போயிற்று. அறுபது ஆண்டுக்கும் மேல் இந்த ஊர் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தது. சிவந்தி ஆதித்தனார் முன்னின்ற திருப்பணியில் சுமார் 180 அடி உயரத்துக்கு ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பி 1990-இல் குடமுழுக்கு ஆனது. அனுப்பிய வணக்கத்துக்குப் பெறுநர் கிடைத்துவிட்டார்கள்.

'யாராக இருந்தாலும்' என்று ராஜா சொன்னதில் யார் யார் அடக்கம்? சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்கியவர்களும் சுதை பிடித்தவர்களும் சுமை தூக்கிய பெண்களும் அதில் உண்டு. அவர்களில் எத்தனை பேரை 1446-இல் அதே வாசலுக்குள் விட்டிருப்பார்கள்? பாட்டின் பெருந்தன்மை நிஜம், அந்த வாசலின் கெடுபிடியும் நிஜம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வரலாற்று நூல் ஒரு பத்தி ஒதுக்கும். நாவலுக்கு அதுதான் வேலையே.

ஆகவே தமிழில் இப்படி ஒரு நாவல் எழுத நினைப்பவர் இந்த அவையில் இருந்தால், அவருக்குச் சில யோசனைகள் சொல்லி முடிக்கிறேன்.

வரலாறு படித்தவளை அனுப்பாதீர்கள். செவிலியர் படிப்பு முடித்த ஒருத்தியை அனுப்புங்கள். கிவ்ரினுக்குக் கடைசியில் உதவியது படிப்பு அல்ல, கட்டியைக் கழுவவும் வாந்தியைத் துடைக்கவும் கூசாத கை. குற்றாலம் ஆசையைக் காட்டும்: அருவி, சித்திரசபை, குறத்தி, குரங்கு. திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் அந்த மலையை அப்படிப் பாடிவைத்துவிட்டார், அவரோடு போட்டி வேண்டாம். அரண்மனையும் வேண்டாம். கோபுர வேலை நடக்கிற ஆண்டில், வேலைக்களத்தில் இறக்கிவிடுங்கள். கல் உடைப்பவர், சுண்ணாம்பு அரைப்பவர், வண்டி ஓட்டுபவர், கூழ் காய்ச்சுபவர் என்று நாலா ஊரிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கூடியிருக்கும் இடம் அது. யார் மகள் என்று கேட்டாலும் பதிலுக்கு அதிகம் காத்திருக்க நேரமில்லாத இடம். அந்நியர் ஒருவர் நாலு நாள் தாக்குப்பிடிக்க வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஒரு குடிசையில் வேப்பிலை செருகியிருக்கட்டும். அவள் உள்ளே போகிறாளா இல்லையா என்பதில் உங்கள் இரண்டாவது அத்தியாயம் இருக்கிறது.

சுண்ணாம்பு அரைத்தவர்களின் தமிழை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். அது எழுதுகிறவர் பாடு. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.